தலைகீழ் அடமானக் கடன் கொடுக்கும்போது முதியவர்களைப் பாதுகாக்க நிறுவனம் என்னென்ன செய்ய வேண்டும்?

கேள்வி: கோவைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தின் கடன் ஆய்வுப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மூத்த குடிமக்களுக்கு ரிவர்ஸ் மார்ட்கேஜ், அதாவது தலைகீழ் அடமானக் கடன் கொடுப்பதற்கான உள் நடைமுறைகளை எழுதித் தரும்படி மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். 2007-08 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அறிவித்து, தேசிய வீட்டுவசதி வங்கியின் வழிகாட்டுதல்களோடு நடைமுறைக்கு வந்த திட்டம் இது. இத்தனை ஆண்டுகளில் எங்கள் கிளைக்கு வந்து இதைப் பற்றி விசாரித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் சிலர் இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

திட்டத்தின் அடிப்படை எல்லோரும் அறிந்ததுதான். அறுபது வயது நிறைந்தவர், தாம் சுயமாகச் சம்பாதித்து, தாமே குடியிருக்கும், வில்லங்கமில்லாத வீட்டை அடமானமாக வைத்து, மாதந்தோறுமோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ பணம் பெறலாம். உயிரோடு அந்த வீட்டில் இருக்கும்வரை அவர் எதையும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அவருக்குப் பிறகு வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம், இல்லையென்றால் வீட்டை விற்றுக் கடன் தீர்க்கப்படும். எங்கள் கோப்பில் மூலப்பத்திரம், முப்பதாண்டு வில்லங்கச் சான்று, பட்டா, மதிப்பீட்டாளர் அறிக்கை, வயதுச் சான்று எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தால், அத்தனையும் நிறுவனத்தின் பணத்தைக் காப்பதற்கான தாள்களாகத்தான் தெரிகின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் காக்கும் தாள் எது என்று என்னால் காட்ட முடியவில்லை.

போன மாதம் எழுபத்தொரு வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மனைவியோடு வந்திருந்தார். எல்லா விளக்கமும் முடிந்த பிறகு, "அப்படியானால் இது பென்ஷன் போலத்தானே?" என்று கேட்டார். என் சக ஊழியர் சட்டென்று "ஆமாம் ஐயா, பென்ஷன் மாதிரிதான்" என்றார். அந்த அம்மாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கு அன்றிலிருந்து மனம் ஒப்பவில்லை. பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லாமலேயே தவறான புரிதல் இப்படி உண்டாகிவிடுகிறது என்றால், நடைமுறையில் எதை எழுதி இதைத் தடுப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: பணிநிறைவு மேலாளர்

தம்பி, உங்கள் மனம் ஒப்பாததே நல்ல தொடக்கம். நான் பொதுத்துறை வங்கியில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தவன். கிளை மேலாளராக இருந்தபோது இந்தக் கடனில் நான்கு கோப்புகளைக் கையாண்டிருக்கிறேன். நான்கிலும் சிக்கல் கையெழுத்துப் போட்ட அன்று வரவில்லை. ஆறாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும்தான் வந்தது. அறுபத்தைந்து வயதில் கையெழுத்துப் போடுகிறவரும் எண்பத்தைந்து வயதில் அதன் விளைவோடு வாழப்போகிறவரும் பெயரளவில்தான் ஒருவர். உடம்பிலும் நினைவிலும் துணையிலும் அவர் வேறொருவராகியிருப்பார். உங்கள் நடைமுறை அந்த இரண்டாமவருக்காக எழுதப்பட வேண்டும்.

பென்ஷன் என்ற சொல்லை முதலில் தடை செய்யுங்கள். பென்ஷன் சாகும்வரை வரும். யாருக்கும் கடன் ஆகாது. சாதாரணத் தலைகீழ் அடமானத்தில் பணம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வரும், வழிகாட்டுதலின்படி அதிகபட்சம் 20 ஆண்டுகள். பல வங்கிகள் 15 ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்கின்றன. அதன் பிறகும் அவர் வீட்டில் இருக்கலாம், யாரும் வெளியேற்ற முடியாது என்பது உண்மை. ஆனால் பணம் நின்றுபோகும், வட்டி நிற்காது.

இதை வாயால் சொன்னால் ஏறாது; கணக்காகக் காட்ட வேண்டும். மாதம் 10,000 ரூபாய், ஆண்டுக்கு 10 சதவீத வட்டி, மாதந்தோறும் வட்டி அசலோடு சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆண்டுகளில் அவர் கையில் வாங்கியது 18 லட்சம். கடன் கணக்கில் நிற்பது ஏறக்குறைய 41 லட்சத்து 45 ஆயிரம். அப்போது பணம் நின்றுவிடுகிறது. அவர் இறையருளால் இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தால், ஒரு ரூபாய்கூடப் புதிதாக வாங்காமலேயே கடன் 68 லட்சத்தைத் தாண்டிவிடும். நான் இந்தக் கணக்கை வெள்ளைத் தாளில் ஐந்தாண்டுக்கு ஒரு வரியாகப் பெரிய எழுத்தில் எழுதி, அவர்கள் வீட்டுக்கே எடுத்துப்போய்க் காட்டுவேன். ஒரு பெரியவர் அந்தத் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே தமது வயதையும் மனைவியின் வயதையும் பென்சிலால் எழுதிக்கொண்டார். கடைசி வரிக்கு எதிரே எழுதும்போது கை நின்றது. அன்று அவர் கையெழுத்துப் போடவில்லை. மாதத் தொகையைக் குறைத்துக்கொண்டு மூன்று வாரம் கழித்து வந்தார். இதைவிட நல்ல நுகர்வோர் பாதுகாப்பை நான் பார்த்ததில்லை.

ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் கட்டாயம் என்று வைத்திருக்கிறது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆண்டுக்கான மொத்தச் செலவு விகிதம் அதில் வந்துவிடும். ஆனால் அந்தத் தாள் மாதத் தவணை கட்டும் கடனை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. அதோடு வயதுவாரிக் கணக்கையும் நீங்களாகவே இணைத்துவிடுங்கள்.

மாறும் வட்டி என்றால் இன்னும் கவனம் தேவை. சாதாரண வீட்டுக்கடனில் வட்டி ஏறினால் மாதத் தவணையோ தவணைக் காலமோ கூடும். வீட்டில் பேச்சு வரும். இங்கே தவணையே இல்லாததால் வட்டி ஏறியது யார் கண்ணிலும் படாது, கடன் மட்டும் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். எனவே ஆண்டுக்கு ஒரு முறை கணக்கு அறிக்கை அனுப்புவதோடு நிறுத்தாமல், ஒருவர் நேரில் போய் வர வேண்டும் என்று எழுதுங்கள். வீட்டு மதிப்பை ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று வழிகாட்டுதலே சொல்கிறது. அந்த நாளைப் பேச்சுவார்த்தை நாளாகவும் ஆக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. நான் பொறுப்பேற்பதற்கு முன் ஒரு கிளையில் கொடுக்கப்பட்ட கடன். பத்திரம் கணவர் பெயரில் மட்டும் இருந்ததால் அவரை மட்டும் கடன்தாரராகச் சேர்த்துவிட்டார்கள். மனைவி பத்திரங்களை மஞ்சள் பையில் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கணவர் இறந்ததும் கடன் முழுவதும் கட்ட வேண்டியதாகிவிட்டது. அந்த அம்மா என் மேசைக்கு எதிரே நின்று, "நான் எங்கே போவேன்?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தம்பதி கூட்டுக் கடன்தாரர்களாகலாம். ஒருவருக்கு 60, மற்றவருக்கு 55 நிறைந்திருந்தால் போதும். அன்று ஒரு கையெழுத்து கூடுதலாக வாங்கியிருந்தால் அவர் சாகும்வரை அங்கேயே இருந்திருப்பார். துணைவர் உயிரோடிருந்து கூட்டுக் கடன்தாரராக இல்லாத விண்ணப்பம் எதுவாக இருந்தாலும், காரணம் எழுத்தில் பதிவாகி மேலதிகாரி ஒப்புதல் பெறாமல் நகரக் கூடாது என்று வையுங்கள்.

பதில் 2: வழக்கறிஞர், மதுரை

மேலே ஐயா எழுதியதை வரிக்கு வரி ஏற்கிறேன். சட்டத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலாவது, யாருக்காகக் கடன் என்ற கேள்வி. மகனுடைய தொழிலுக்குப் பணம் தேவைப்படும்போதுதான் பல வீடுகளில் அப்பாவுக்குத் தலைகீழ் அடமானம் நினைவுக்கு வருகிறது. வணிகத்துக்கோ ஊக வாணிபத்துக்கோ இந்தப் பணத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. ஆனால் விண்ணப்பத்தில் "வீட்டுச் செலவு" என்று எழுதிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 16, வயதினாலோ நோயினாலோ மனத்திறன் தளர்ந்திருப்பவரோடு ஒப்பந்தம் செய்கிறவரை, அவருடைய விருப்பத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பவராகவே கருதுகிறது. முதியவர் பின்னாளில் நீதிமன்றத்துக்குப் போனால் இந்தப் பிரிவு கடன் கொடுத்தவர் பக்கமும் திரும்பக்கூடும். ஆகவே பிள்ளைகள், தரகர், முகவர் யாரும் இல்லாத தனி அறையில் கணவனோடும் மனைவியோடும் தனித்தனியே பேசி, அவர்கள் சொந்த வார்த்தைகளில் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "எல்லாம் புரிந்தது" என்று அச்சடித்த வரிக்குக் கீழே வாங்கும் கையெழுத்துக்கு என் அனுபவத்தில் பெரிய மதிப்பில்லை. "நான் இறந்த பிறகு என் மகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம், இல்லையென்றால் வீட்டை விற்று, கடன் போக மீதியை அவளுக்குக் கொடுப்பார்கள்" என்று அந்த அம்மா தம் வாயால் சொல்லி, அது எழுதப்பட்டிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

பவர் பத்திரத்தின் பேரில் இந்தக் கடனை வழங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உடல்நிலை காரணமாக வர முடியவில்லை என்றால் அலுவலர்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பணமும் முதியவர் கணக்கிலேயே விழ வேண்டும். அந்தக் கணக்கின் ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்கிறது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது, நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் நிலைமை. பெற்றோர் ஏற்கெனவே வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருப்பார்கள்; அதை மறந்தோ, உயில் என்று நினைத்தோ கடன் கேட்டு வருவார்கள். சொத்து அவர்களுடையதாக இல்லாததால் கடன் கிடைக்காது. அவர்களைத் திருப்பி அனுப்பும்போது, பராமரிப்பதாக நிபந்தனை வைத்து எழுதிக் கொடுத்திருந்து, பிள்ளை கவனிக்காமல் விட்டிருந்தால், 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 23இன் கீழ்த் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். கடன் கொடுப்பவரின் வேலை அது இல்லைதான். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும்.

மூன்றாவது, கடன் முன்கூட்டியே முடிவுக்கு வரும் சூழ்நிலைகள். தொடர்ந்து ஓராண்டு வீட்டில் வசிக்காமல் இருப்பது, சொத்து வரி கட்டாமலோ பராமரிக்காமலோ விடுவது, வாடகைக்கு விடுவது, பத்திரத்தில் புதிய உரிமையாளரைச் சேர்ப்பது எல்லாம் இதில் அடங்கும். மாடியை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் மருந்து வாங்குவது நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இயல்பான காரியம். மகளுடைய பிரசவத்துக்கு அமெரிக்கா போய் ஆறு மாதம், திரும்பி வந்து இடுப்பு எலும்பு முறிவுக்குச் சென்னையில் மகன் வீட்டில் எட்டு மாதம் என்று இருப்பதும் இயல்புதான். இவற்றைக் கடன் மீறலாக எண்ணவே அவர்களுக்குத் தோன்றாது. திரும்பி வரும் எண்ணம் இருந்து, மருத்துவக் காரணத்தால் வெளியே இருப்பவருக்கு அவகாசம் நீட்டிக்கப்படும் என்று நடைமுறையிலேயே எழுதிவிடுங்கள். சொத்து வரி இங்கே அரையாண்டுக்கு ஒரு முறை; தவறினால் நோட்டீஸ் அனுப்புவதற்குப் பதிலாக, நிறுவனமே கட்டி, கொடுக்க வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ள வழிகாட்டுதல் இடம் தருகிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

வாரிசுகளுக்குக் கடனைத் தீர்க்க இரண்டு மாத அளவு அவகாசம் என்று வழிகாட்டுதலில் இருக்கிறது. நடைமுறையில் இது போதாது. இறப்புச் சான்று, அதன்பின் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, வெளிநாட்டுப் பிள்ளை வந்து சேருவது என்று நாட்கள் ஓடிவிடும். குறைந்தது ஆறு மாதமாவது கொடுங்கள். கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023இல் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டிருக்கிறது. கடன்தாரர் இறந்துவிட்டால் வாரிசுகளிடம் பத்திரத்தை ஒப்படைக்கும் முறையையும் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கச் சொல்கிறது.

கோவைக்காரர்

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மிகுந்த நன்றி. கூட்டுக் கடன்தாரர் விதியை இன்றே வரைவில் சேர்த்துவிட்டேன். இரண்டு சந்தேகங்கள். கடன் விற்கும் ஊழியரே விளக்கமும் சொன்னால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய இலக்கு இடையில் வந்துவிடுகிறது. வெளியாரை வைத்து ஆலோசனை சொல்லும் முறை எங்கேனும் உண்மையில் நடக்கிறதா? சாகும்வரை பணம் வரும் வகை ஒன்றும் உண்டு என்கிறார்களே, அதைப் பரிந்துரைக்கலாமா?

பதில் 3: நியூ ஜெர்சித் தமிழர்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியும். நான் இங்கே அமெரிக்க வீட்டுவசதித் துறையின் அங்கீகாரம் பெற்ற ஓர் ஆலோசனை மையத்தில் முதியவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். இங்கே அரசுக் காப்பீடு பெற்ற தலைகீழ் அடமானம் ஹெச்.இ.சி.எம். எனப்படும், 62 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தின் மேல் கடன் நிறுவனம் வேலை தொடங்குவதற்கு முன்பே, அதற்குத் தொடர்பில்லாத ஆலோசகர் ஒருவரிடம் முதியவர் பேசிச் சான்றிதழ் பெற்றாக வேண்டும். நாங்கள் கடனை வாங்கச் சொல்வதும் இல்லை, வேண்டாம் என்பதும் இல்லை. வேறு வழி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்போம்: சிறிய வீட்டுக்கு மாறலாமா, வரிச் சலுகைக்குத் தகுதி உண்டா, பிள்ளைகளிடம் பேசியாயிற்றா என்று. பாதிப் பேச்சு அங்கேயே கழிந்துவிடும்.

ஆனால் ஆலோசனை மட்டும் போதாது என்பதை இந்த நாடு பட்டுத்தான் கற்றது. மேலாளர் ஐயா சொன்ன மஞ்சள் பை அம்மாவைப் போன்றவர்கள் இங்கும் இருந்தார்கள். வயது குறைந்த மனைவியைப் பத்திரத்திலிருந்து நீக்கிவிட்டால் கணவருக்குக் கூடுதல் தொகை கிடைக்கும் என்று சொல்லி நீக்கிவிடுவார்கள். கணவர் இறந்ததும் வீடு ஏலத்துக்கு வரும். அவர்களில் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். பென்னட் எதிர் டோனவன் என்ற அந்த வழக்கில் 2013இல் வந்த முடிவுகளுக்குப் பிறகு, 2014 ஆகஸ்ட் 4 முதல் வழங்கப்பட்ட கடன்களில், கடன்தாரராக இல்லாத துணைவரும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு வீட்டில் தொடர்ந்து இருக்க வழி செய்தார்கள். சொத்து வரியும் காப்பீடும் கட்ட முடியாமல் பலர் வீட்டை இழந்ததால், 2015 ஏப்ரல் முதல் கடன்தாரருடைய வருமானத்தையும் முந்தைய வரிப் பதிவையும் ஆராய்ந்து, தேவைப்பட்டால் வரிக்கென்று ஒரு பகுதியைக் கடனிலேயே ஒதுக்கிவைக்கிறார்கள். முதல் ஆண்டிலேயே மொத்தத்தையும் எடுத்துச் செலவழித்துவிடாதபடி 2013இல் பொதுவாக 60 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள்.

இன்னொன்றையும் உங்கள் வரைவில் சேர்க்கச் சொல்வேன். கடன் தர வேண்டுமானால் காப்பீட்டுத் திட்டமோ, மொத்தமாகப் பணம் கட்டிவிட்டுப் பிறகு தவணை தவணையாகத் திரும்பப் பெறும் ஆண்டுத்தொகைத் (அன்யூட்டி) திட்டமோ வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை 2008ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே தடை செய்தது. நம் ஊரில் வங்கிக்குப் போகும் பெரியவரிடம் இன்சூரன்ஸ் பாலிசி விற்பது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைகீழ் அடமானம் வாங்கியவரிடம் குறைந்தது ஓராண்டுக்கு வேறெதுவும் விற்கக் கூடாது என்று எழுதுங்கள்.

பணிநிறைவு மேலாளர்

தம்பி, இரண்டாவது கேள்விக்கு: ஆம், உண்டு. 2009 இறுதியில் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவும் ஸ்டார் யூனியன் டாய்-இச்சி காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து அதைத் தொடங்கின. கடன் தொகையைக் கொண்டு காப்பீட்டு நிறுவனத்திடம் ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்கப்படும். உயிரோடிருக்கும்வரை பணம் வரும். காலம் முடிந்து பணம் நின்றுபோகும் அச்சத்துக்கு அது நேரான மருந்துதான். ஆனால் மொத்தக் கடனும் முதல் நாளிலேயே எடுக்கப்படுவதால் வட்டியும் முதல் நாளிலிருந்தே முழுத் தொகைக்கும் ஓடும். சீக்கிரம் இறந்துவிட்டால் போட்ட தொகை திரும்புமா, மனைவிக்குத் தொடருமா என்பதெல்லாம் எந்த வகை ஆண்டுத்தொகை என்பதைப் பொறுத்தது. பரிந்துரைக்காதீர்கள், இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஆலோசகருக்கு வெளியே தேட வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்கள் உங்கள் ஊரிலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கடன் நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும் ஒரே கட்டணம் என்று வையுங்கள்; அது முக்கியம். கையெழுத்துக்குப் பிறகு மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை கடன்தாரருக்கு உண்டு. அந்த மூன்றாம் நாள் காலையில் ஆலோசகர் தொலைபேசியில் அழைத்து, "மனம் மாறியிருக்கிறதா?" என்று கேட்கட்டும்.

கோவைக்காரர்

நேற்று அந்த ஆசிரியர் வீட்டுக்குப் போய்வந்தேன். முதல் வேலையாக, அன்று நாங்கள் பென்ஷன் என்று சொன்னது தவறு என்று சொன்னேன். ஐயா சொன்னபடி வயதுவாரிக் கணக்கை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஆசிரியர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் பேசினார். "பணம் நின்ற பிறகும் நான் இங்கேயே இருக்கலாம் என்கிறீர்களே, அது எந்த இடத்தில் எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். எங்கள் ஒப்பந்தத்தில் தேடினேன். அந்த வரி பதினேழாம் பக்கத்தில், ஆங்கிலத்தில், ஒரு துணை விதிக்குள் இருந்தது. படித்துத் தமிழில் சொன்னேன். அதைத் தமிழிலேயே எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வரி தமிழில் முதல் பக்கத்துக்கு வர வேண்டும் என்று இன்று காலை எங்கள் சட்டப் பிரிவுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஆசிரியரும் அம்மாவும் கடன் பற்றிய முடிவைச் சொல்ல இரண்டு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் இடையில் அழைக்கப் போவதில்லை.